குறை கூற வரும் வாடிக்கைக்காரர்

நமது விற்பனை நிலையங்களில் பணியாற்றும் சிப்பந்திகளைக் கேட்டால், தறியில் அமர்ந்து நெய்வதைவிடக் கடையில் நின்று விற்பதே கடினம் என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அறுந்த நூலை முடிந்துகொள்ளலாம். முறிந்துபோன வாடிக்கைக்காரரின் மனத்தை ஒட்டவைப்பது எளிதன்று. ஆயினும் குறை கூற வருபவரை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதில்தான் நெசவாளரின் அடுத்த பருவத்து வேலை அடங்கியிருக்கிறது.

ஓர் உதாரணம் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளித் தள்ளுபடி விற்பனை முடிந்த மறுவாரம், ஒரு சங்கத்தின் விற்பனை நிலையத்துக்கு ஆசிரியையான அம்மையார் ஒருவர் வந்தார். அவர் கொணர்ந்த பருத்திச் சேலையில், முதல் சலவையிலேயே அரக்குக் கரையின் சாயம் இறங்கிச் சந்தன நிற உடலெங்கும் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. அவர் குரலை உயர்த்தினார். சிப்பந்தியோ, “கைத்தறி என்றால் அப்படித்தான் அம்மா. நீங்கள் வெந்நீரில் துவைத்திருப்பீர்கள்” என்றார். அம்மையார் சேலையை மேசைமீது போட்டுவிட்டு வெளியேறினார்.

அத்துடன் விஷயம் முடியவில்லை. அதே சாயத்தில் தோய்ந்த நூலால் நெய்த சேலைகள் இன்னும் அலமாரியில் இருந்தன. அவையும் விற்றன. பொங்கலுக்குள் நான்கு சேலைகள் திரும்பி வந்தன. பிறகே விசாரணை நடந்தது. பண்டிகை அவசரத்தில், சாயமிட்ட நூலிலிருந்து ஒட்டாத சாயம் நீங்கும்வரை பட்டறையில் அலசவில்லை என்பது தெரிந்தது. அதற்குள் ஊரில் பெயர் கெட்டுவிட்டது. அடுத்த பருவத்தில் அந்த ரகத்துக்கு ஆர்டர் இல்லை. நஷ்டம் யாருடையது? மாதச் சம்பளம் பெறும் சிப்பந்தியுடையதன்று. அந்த ரகத்தை நெய்துகொண்டிருந்த தறிகளுடையது. முதல் நாள் வந்த அம்மையாரின் சொல் அன்றே பட்டறையை எட்டியிருந்தால், மற்றச் சேலைகளை நிறுத்தி வைத்திருக்கலாம். அவர் சண்டையிட வந்தவர் அல்லர். கூலி வாங்காமல் நமக்குச் செய்தி கொண்டுவந்தவர்.

சொல்லாமல் விட்ட குறை

கடைக்கு வரும் குறைகளில் பெரும்பகுதி, விற்கும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லாததனால் விளைபவை. இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1958-ஆம் ஆண்டில் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர், ஜேக்கப்ஸன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளருக்குச் சென்னைக் கட்டம்போட்ட கைத்தறித் துணியை விற்றார். இதன் சாயம் இறங்கும், குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்றும் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் உடை வாங்கியவர்களை எட்டவில்லை. துவைத்த உடைகளில் நிறம் கலந்தது, புகார்கள் குவிந்தன. பின்னர் நிகழ்ந்ததே வியப்புக்குரியது. ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதிய தோற்றம் தரும் துணி இது என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்தார்கள். குறை எனப்பட்டது சிறப்பாகி, மக்கள் தேடி வாங்கினர். துணி மாறவில்லை, சொல் மாறியது.

இதைக் கொண்டு, மோசமான சாயத்துக்குச் சாக்குச் சொல்லலாம் என்று எவரும் கருதலாகாது. விற்பதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணியால் கரையைத் தேய்த்துப் பார்த்தால், சாயம் ஒட்டுமா ஒட்டாதா என்பது கடையிலேயே தெரிந்துவிடும். முதல் சலவையைத் தனியாகக் குளிர்ந்த நீரில் செய்ய வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும், புதுப் பருத்தி முதல் நனைப்பில் சற்றுச் சுருங்கும் என்னும் மூன்று செய்திகளைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சேலையின் நீளத்தை வாங்குபவர் கண்முன் அளந்து காட்டினால் அந்தத் தகராறும் எழாது.

விளைபொருள் விற்கும் அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். புதிய அரிசியைப் பழைய அரிசிபோல் நீர் வைத்துப் பொங்கினால் குழையும். “இது இந்தப் பருவத்து அரிசி, நீரைக் குறைத்து வையுங்கள்” என்று சொல்லி விற்பவரிடம் மறுநாள் சண்டைக்கு வருவார் இல்லை. தராசின் முகம் வாங்குபவரை நோக்கி இருந்தால் எடையைப் பற்றிய ஐயமும் பிறவாது.

சட்டம் கூறுவது

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்னும் பலகையைப் பல கடைகளில் காண்கிறோம். பழுதுள்ள பொருளைப் பொறுத்தவரை அது நம்மைக் காப்பாற்றாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. பழுதான பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள், அவ்வாறு குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது அச்சட்டம். ரசீது தராமையும் அவ்வகையைச் சேர்ந்ததே. வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம்.

நியாயமற்ற கோரிக்கை வந்தால்

எல்லாக் குறையும் நியாயமானதன்று. ஒரு திருமணத்துக்கு உடுத்திவிட்டு மறுநாள் சேலையைத் திருப்ப வருபவர் உண்டு. தள்ளுபடிக்கு முன் வாங்கிவிட்டு வித்தியாசத்தைக் கேட்பவர் உண்டு. பக்கத்துக் கடை விசைத்தறித் துணியின் விலைக்கே கைத்தறியைக் கேட்பவரும் உண்டு. இவர்களிடமும் முதலில் முழுவதையும் கேட்க வேண்டும்; இடைமறித்தால் கோபம் இரட்டிக்கும். பிறகு பொருளை வெளிச்சத்தில் விரித்து இருவருமாகப் பார்க்க வேண்டும். இயலாததை இயலாது என்று தாழ்ந்த குரலில், காரணத்தோடு, ஒரே முறை சொல்ல வேண்டும். உரக்கக் கத்துபவருக்கு ஒரு நீதி, அமைதியாகக் கேட்பவருக்கு ஒரு நீதி என்று நடந்தால், கத்துவதே பயன் தரும் என்று நாமே கற்பித்தவர்களாவோம். வசை மொழியைச் சகித்துக்கொள்ளும்படி எந்தச் சிப்பந்தியையும் வற்புறுத்தலாகாது. அந்நிலையில் மேலாளர் முன்வந்து நிற்க வேண்டும். திரும்பப் பெறும் அதிகாரத்தின் எல்லையைச் சிப்பந்திக்கு எழுத்தில் கொடுத்திருப்பதும் அவசியம். அதிகாரம் இல்லாதவரை முன்னிறுத்திவிட்டு அவருடைய பணிவைக் குறை கூறுவது முறையன்று.

கடையிலிருந்து தறிக்கு

ஒவ்வொரு விற்பனை நிலையத்திலும் குறைப் பதிவேடு ஒன்று இருத்தல் வேண்டும். ரகம், வாங்கிய நாள், குறை, செய்த பரிகாரம் ஆகிய நான்கும் அதில் போதும். மாதந்தோறும் நிர்வாகக் குழுவில் அதைப் படித்து, உரிய பட்டறைக்கும் தறிக்கும் செய்தி அனுப்ப வேண்டும். பதிவேடு நெசவாளரைத் தண்டிக்கும் கருவியாகிவிட்டால் எவரும் அதில் உண்மையை எழுதமாட்டார்கள் என்பதையும் மறக்கலாகாது.

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உட்பட 28 பேர் கூடிக் கூட்டுறவுக் கடை திறந்தபோது, அவர்கள் முதலில் அளித்த உறுதி கலப்படமற்ற சரக்கும் குறைவற்ற எடையுமே. கடைக்காரர்களால் ஏமாற்றப்பட்டு மனம் நொந்த வாடிக்கைக்காரர்கள்தாம் அவர்கள். கூட்டுறவு இயக்கமே குறை கூறியவர்களால் பிறந்தது. அத்தகைய ஒருவர் நம் கடைப் படியில் ஏறும்போது, இருக்கை கொடுத்து, “என்ன குறை, சொல்லுங்கள் அம்மா” என்று கேட்பதே நம் தறிகளுக்கு நாம் செய்யும் தொண்டாகும்.