புருவத்தில் இருக்கிறது விஷயம்

நாடகத்துக்கு மேக்கப் போடுகிறவன் நான். பெண் வேடம் கட்ட ஓர் ஆண் நடிகர் வந்து உட்கார்ந்தால், கூட இருப்பவர்கள் சவுரியைத் தேடுவார்கள். நான் தாடையைப் பார்ப்பேன். எவ்வளவு ஒட்ட மழித்தாலும் அங்கே நீலம் பாய்ந்திருக்கும். அதன்மேல் நேராக பவுண்டேஷன் பூசினால் சாம்பல் அடிக்கும். ஆரஞ்சு நிறத்தை மெல்லிசாக ஒற்றி நீலத்தை அடக்கிய பிறகுதான் மற்றதெல்லாம்.

அடுத்தது புருவம். வேலையில் பாதி இதுதான். பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் ஆண்களின் தாடையை வளர்க்கும். புருவ எலும்பையும் புடைக்க வைக்கும். புருவம் தாழ்ந்து இமையை ஒட்டி நிற்கும். பெண் முகத்தில் பொதுவாக அந்த இடைவெளி கூடுதல். எனவே கீழ்வரிசை முடிகளைப் பசையால் படியவைத்து மூடிவிட்டு, கொஞ்சம் மேலே தள்ளி வரைவேன். கொஞ்சம்தான். மிஞ்சினால் நாடகம் முழுக்க அந்த அம்மாள் திடுக்கிட்டுக்கொண்டே இருப்பாள்!

தலைமுடியை வைத்துத்தான் ஆண், பெண் என்று கண்டுபிடிக்கிறோம் என்பவர்களுக்கு 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். பிரிட்டனின் விக்கி புரூஸும் சகாக்களும், முடியை நீச்சல் தொப்பிக்குள் மறைத்து, மீசை தாடி மேக்கப் எதுவும் இல்லாத முகங்களைப் படமெடுத்துக் காட்டினார்கள். பார்த்தவர்கள் சுமார் 96 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். தோல் நிறமும் புருவ முடியும் இல்லாமல், லேசரால் அளந்த வெறும் வடிவத்தைக் காட்டியபோதுதான் தடுமாறினார்கள்.

நிறத்தில் என்ன இருக்கிறது? அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 2009இல் இதற்கு ஒரு வேடிக்கை காட்டினார். ஆணா பெண்ணா என்று பிடிபடாத ஒரே முகம். கண், உதடுகளுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் உள்ள நிற வித்தியாசத்தைக் கூட்டினால் அது பெண்ணாகத் தெரிந்தது; குறைத்தால் ஆணாகிவிட்டது. ஒரே இனத்தவரில் பெண்களின் தோல் சராசரியாகச் சற்று வெளிர். கண்ணும் உதடும் அந்த அளவுக்கு வெளிறுவதில்லை. மையும் உதட்டுச் சாயமும் அந்த வித்தியாசத்தைத்தான் ஊதிப் பெரிதாக்குகின்றன.

மேடையில் எனக்குச் சத்துரு விளக்கு. முகத்தில் வெளிச்சம் பாய்ந்தால் உதடும் கண்ணும் வெளுத்து, மீண்டும் ஆண் எட்டிப் பார்ப்பான். அதனால் கடைசி வரிசையில் போய் நின்று பார்க்காமல் யாரையும் மேடையேற விடமாட்டேன். குரல்வளை மேட்டுக்கு மட்டும் மேக்கப் பெட்டியில் மருந்து கிடையாது. அதற்கு அகலமான அட்டிகைதான்.