மன்னார் பஸ்ஸும் அதன் நேரமும்

மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நாள்தோறும் ஒரு பஸ் ஓடவேண்டுமாயின் வண்டியும் சாரதியும் டீசலும் இருந்தால் போதும் என்று வெளியூரார் எண்ணக்கூடும். ஆனால் அந்தப் பிரயாணத்துக்கு முதலில் வேண்டியிருந்தவை இரண்டு பாலங்கள். 1990-இல் யுத்தத்தில் தகர்ந்த பாலத்துக்குப் பதிலாக, மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் ஜப்பானிய உதவியோடு 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. முன்பு பூநகரிக்கும் கேரதீவுக்கும் இடையிலுள்ள கடல்நீரேரியைப் பாதை எனும் மிதவையில் கடந்த ஜனங்களுக்கு, 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் கிடைத்தது. வவுனியாவுக்குச் சென்று ஏ9 வீதியில் வடக்கே திரும்பும் நீண்ட சுற்றுப் பிரயாணம் இதனால் ஒழிந்து, விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி என்று மேற்குக் கரையோரமாகவே போகும் ஏ32 வீதிக்கு மீண்டும் உயிர் வந்தது.

வீதி வந்துவிட்டால் பஸ்ஸும் தானே வந்துவிடாது. 1991-ஆம் ஆண்டின் 37-ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மாகாண எல்லையைத் தாண்டும் தனியார் பஸ்ஸுக்கு வழித்தட அனுமதிப்பத்திரம் கொடுப்பது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. எல்லைக்குள் ஓடுவதற்கோ மாகாண அதிகாரசபையே பொறுப்பு. ஆகவே யாழ்ப்பாணத்துக்குப் போகும் வண்டிக்கு ஒரு கந்தோர், கொழும்புக்குப் போகும் வண்டிக்கு வேறொரு கந்தோர். 1958 ஜனவரி 1-ஆம் திகதி பஸ்கள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தபோது இத்தகைய சிக்கல் இருக்கவில்லை. எழுபதுகளின் இறுதியில் தனியாரும் மறுபடி பிரவேசித்த பின்னரே, எவர் எப்போது புறப்படுவது என்ற தர்க்கம் வடக்கின் பஸ் நிலையங்களில் நிரந்தரமாகிவிட்டது. இதைத் தீர்க்கவே, தனியாருக்கு 60, சபைக்கு 40 என்ற விகிதத்தில் இணைந்த நேர அட்டவணை என்னும் ஏற்பாடு பேசப்படுகிறது.

ஒரு பஸ் புறப்படுமுன் நடத்துனர் லொக் சீட்டை எடுத்துக்கொண்டு நேரக் கணிப்பாளரிடம் ஓடுவதையும், அவர் கடிகாரத்தைப் பார்த்து ஒப்பமிடுவதற்குள் பின்னால் நிற்கும் வண்டிக்காரன் ஹோனை அடித்து அவசரப்படுத்துவதையும் பார்த்தவருக்கு அந்தச் சர்ச்சையின் காரணம் எளிதில் விளங்கும். ஐந்து நிமிஷம் முந்திப் போகிறவனே வழியிலுள்ள பிரயாணிகளை அள்ளிக்கொள்கிறான். இருக்கைகளை நிரப்புவது இரு முனைகளிலுமுள்ள பட்டினங்கள், நடுவிலோ குடிசனம் அடர்த்தியற்ற பிரதேசம். காலையில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போகும் நோயாளிகளையும் மாணவர்களையும் கருவாட்டுப் பெட்டிகளையும் சுமந்து நிறைந்து போகும் வண்டி, மாலையில் அரைவெறுமையாகத் திரும்பினால் உரிமையாளருக்கு நஷ்டந்தான். ஆனால் அந்த வெறும் நடையைக் கைவிட்டால் காலை நடையும் மதிப்பிழக்கும். திரும்பிவர வழியில்லாத பிரயாணத்துக்கு யார் புறப்படுவார்? பருவகாலச் சீட்டோடு நிற்கும் பிள்ளைகளை ஏற்றும் கடமையும் சபை வண்டிக்கே உரியது என்பதால், லாபக் கணக்கு ஒன்றை மாத்திரம் கொண்டு சேவையை அளப்பது நியாயமன்று என்பதே என் அபிப்பிராயம். ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு விசேட பஸ்கள் விடுவது சுலபம். திருவிழா முடிந்த மறுநாளும் அதே நேரத்துக்கு வண்டி நிற்கிறதா என்பதே கேள்வி.

மன்னாருக்குத் தெற்கே நிலைமை இன்னும் கடினம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளத்தில் குடியேறியதால், முசலி, சிலாவத்துறை ஊர்களுக்கும் புத்தளத்துக்கும் இடையே இன்றும் குடும்பங்கள் இரு வீடுகளாக வாழ்கின்றன. மறிச்சுக்கட்டியிலிருந்து வில்பத்துக் காட்டினூடாக எழுவன்குளம் செல்லும் குறுக்கு வீதி 2010-இல் திறக்கப்பட்டதும் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின. மாரியில் கலா ஓயா பெருகினால் அங்குள்ள தாம்போதியும் மூழ்கிவிடும். அனுராதபுரத்தைச் சுற்றிப் போகும் வீதி நீளமானதே. ஆயினும் நேரங் குறித்து விடும் பஸ்ஸுக்கு அதுவே நம்பத்தக்கது.