இரவு 1:19-க்குப் பிறகு விமானம் யார் பொறுப்பு?

வான்வெளி பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டுப்பாட்டு மையம் பொறுப்பு. சென்னை மையத்தின் எல்லை முடிந்தால், போகும் திசையைப் பொறுத்து கொழும்போ மாலேயோ கோலாலம்பூரோ விமானத்தை ஏற்றுக்கொள்ளும். விமானம் எல்லைக்கு வருவதற்கு முன்பே, எந்தப் புள்ளியை எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில் கடக்கும் என்று இந்த மையம் அந்த மையத்துக்குச் சொல்லிவிடும். தொலைபேசியில் சொல்வதும் உண்டு, கணினி வழியே அனுப்புவதும் உண்டு. எல்லை நெருங்கியதும் விமானிக்குப் புது அலைவரிசை தரப்படும். அதில் அவர் புதிய கட்டுப்பாட்டாளரைக் கூப்பிட்டுப் பேசினால்தான் கைமாற்றம் முழுமையாகும்.

சிக்கல் இந்தக் கடைசிப் படியில்தான். அனுப்பியவர் அடுத்த விமானத்தைப் பார்க்கப் போய்விடுவார். பெற வேண்டியவரோ, கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பார்.

2014 மார்ச் 8 அதிகாலை 239 பேருடன் பெய்ஜிங் போய்க்கொண்டிருந்த எம்.எச்.370 விமானத்துக்கு நடந்தது இதுதான். 1:19-க்கு, வியட்நாமின் ஹோசிமின் மையத்தோடு பேசுமாறு கோலாலம்பூர் சொன்னது. 'குட் நைட்' என்று பதில் வந்தது. ஹோசிமினுக்கு அழைப்பு வரவேயில்லை. 1:21-க்குக் கட்டுப்பாட்டுத் திரையிலிருந்தும் விமானம் மறைந்தது. வர வேண்டிய நேரம் தாண்டி 5 நிமிடத்துக்குள் ஹோசிமின் விசாரித்திருக்க வேண்டும் என்பது இரு மையங்களுக்கும் இடையிலான உடன்பாடு. விசாரித்தது 1:39-க்கு. தொலைபேசியை எடுக்கப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை.

அதன் பிறகு குழப்பம்தான். விமானம் கம்போடியப் பக்கம் பறக்கிறது என்று விமான நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது. அந்தப் பயணத்தின் பாதை கம்போடியா வழியாகப் போகவே இல்லையே என்று ஹோசிமின் சுட்டிக்காட்டியது. 3:30 வாக்கில்தான் விஷயம் தெளிவானது: நிறுவனத்தின் திரையில் நகர்ந்த புள்ளி, கணினி உத்தேசமாகக் கணித்துக் காட்டியது, விமானம் உண்மையில் இருந்த இடம் அல்ல. கோலாலம்பூரின் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் இயங்கத் தொடங்கியபோது மணி 5:30.

விமானம் மறைந்ததற்குக் கட்டுப்பாட்டாளர்கள் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தேடலுக்கு உதவியிருக்கக்கூடிய முதல் நான்கு மணி நேரம் விசாரணைகளிலேயே கரைந்தது. இரு மையங்களுமே நடைமுறையைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று 2018 ஜூலை 30-இல் வெளியான மலேசிய விசாரணை அறிக்கை சொன்னது. மறுநாளே மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவர் பதவி விலகுவதாக அறிவித்தார்.