முற்றத்தில் ஒரு படகு வீடு

கார்த்திகைத் தீபத்தை அடுத்து மூன்று நாள்கள் திருவண்ணாமலை அய்யங்குளத்தில் தெப்பல் உற்சவம் நடைபெறுகிறது. முதல் நாள் சந்திரசேகரரும், இரண்டாம் நாள் பராசக்தியும், மூன்றாம் நாள் சுப்பிரமணியரும் தெப்பத்தில் வலம் வருகின்றனர். ஒருமுறை குளப்படியில் என் அருகில் நின்ற மாணவர் ஒருவர், "சார், இவ்வளவு பெரிய மண்டபமே மிதக்கிறதே! வீட்டு முற்றத்திலேயே ஒரு படகு வீடு கட்டி, சாத்தனூர் அணையிலே கொண்டுபோய் விட முடியாதா?" என்று கேட்டார். "மிதக்க வைப்பது எளிது, தம்பி. கவிழாமல் வைப்பதுதான் கடினம்" என்றேன். அன்று அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே காண்போம்.

மிதப்பது எதனால்?

நீரில் அமிழ்ந்துள்ள ஒரு பொருள், தான் இடம்பெயர்த்த நீரின் எடைக்குச் சமமான மேல்நோக்கிய விசையைப் பெறுகிறது. இது நாம் பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம். இக்காலத்தில் தெப்பம் கட்டப் பெரும்பாலும் காலிப் பீப்பாய்களையே பயன்படுத்துகின்றனர். 200 லிட்டர் கொள்ளும் இரும்புப் பீப்பாயின் எடை ஏறத்தாழ 20 கிலோகிராம். அது முழுவதும் அமிழ்ந்தால் 200 கிலோகிராம் நீரை விலக்கும். ஆகவே மேலும் 180 கிலோகிராம் பாரத்தை அதனால் தாங்க முடியும். வேண்டிய அளவு பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டினால் மண்டபமும் மிதக்கும்.

படகு என்பதும் ஒரு பெரிய வெற்றுப் பெட்டிதான். 9 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட தட்டையான அடித்தளமுள்ள பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பரப்பு 27 சதுர மீட்டர். அது 1 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 270 கிலோகிராம் நீர் விலகும். 15 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 4,050 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ 4 டன். படகு, அறை, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, 20 மனிதர்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரு சாண் ஆழத்திற்கும் குறைவான அமிழ்வில் நீர் தாங்கிவிடும்.

தைத்த படகுகளின் வழித்தோன்றல்

பெட்டியை எதனால் செய்வது? கேரளத்துக் காயல்களில் இன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகு வீடுகள் முற்காலத்தில் நெல் ஏற்றிய 'கெட்டுவள்ளங்கள்' ஆகும். அவற்றில் ஆணி கிடையாது. ஆஞ்சிலி மரப்பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். சென்னைக் கடற்கரையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடிய மசூலாப் படகும் இவ்வாறு தைத்ததே. அலை மோதும்போது தையல் சற்றே நெகிழ்ந்து கொடுப்பதால் பலகை பிளப்பதில்லை.

இந்தத் தையல் முறை 20-ஆம் நூற்றாண்டில் வேறொரு வடிவில் மீண்டும் வந்தது. 1962-இல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் ஆகிய இருவரும் 'மிரர்' என்ற சிறு பாய்ப்படகை வடிவமைத்தனர். ஒட்டுப்பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளின் மேல் கண்ணாடி இழைப் பட்டையைப் பிசினால் ஒட்டுவதே அம்முறை. தச்சு வேலை பழகாதவர்களும் வீட்டிலேயே செய்ய முடிந்ததால் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மிரர் படகுகள் உருவாயின.

நம் நாட்டிலும் இதன் பயன் உணரப்பட்டது. கட்டுமரத்துக்கும் குடைந்த வள்ளத்துக்கும் ஏற்ற பெருமரங்கள் அரிதாகி, விலை ஏறிய காலம் அது. 1980-களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில், பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் பியர் ஜில்லே உள்ளூர்க் கைவினைஞர்களுடன் சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்க முயன்றார். அலை உடையும் கரையில் இறங்கி ஏறும் படகு எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதை மீனவர்களின் அனுபவத்திலிருந்துதான் கற்க வேண்டியிருந்தது. ஒட்டுப்பலகைப் படகுகள் குமரி, திருவனந்தபுரம் கரைகளில் பரவின. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் முழுக் கண்ணாடி இழைப் படகுகள் பெருகின.

பலகையும் இழையும்

மரத்தை நீளவாக்கில் இழுத்தால் வலிமை அதிகம். குறுக்குவாக்கில் எளிதில் பிளக்கும். ஈரம் பட்டால் உப்புவதும் குறுக்குவாக்கில்தான். மெல்லிய மரத்தாள்களை ஒன்றின் ரேகைக்கு மற்றொன்றின் ரேகை செங்குத்தாக அமையுமாறு ஒட்டினால், ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது. இதுவே ஒட்டுப்பலகை. படகுக்கு உரியது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரத்தைச் சேர்ந்த 'மரைன்' வகை. இதன் தாள்களை இணைக்கும் பீனால் பார்மால்டிஹைடு பசை கொதிநீரிலும் விடாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண வகையில் இந்த உறுதி இல்லை. ஓராண்டு நீரில் கிடந்தால் தாள்கள் பிரியத் தொடங்கலாம்.

கண்ணாடி எளிதில் உடையும் பொருள் அல்லவா, அது எப்படிப் படகுக்கு வலிமை தரும்? ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ஏ. ஏ. கிரிபித் என்ற ஆங்கில அறிஞர் கண்ணாடியை மெல்லிய இழைகளாக இழுத்துச் சோதித்தார். இழை மெலிய மெலிய, ஒரே அளவு குறுக்குப் பரப்பு தாங்கும் விசை மிகுந்துகொண்டே போயிற்று. கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்கள். மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை. அத்தகைய ஆயிரக்கணக்கான இழைகளைப் பிசின் ஒன்றாகப் பிடித்து வைக்கிறது. ஓர் இழை அறுந்தாலும் விரிசல் அடுத்த இழைக்கு எளிதில் தாவுவதில்லை. மேலும், பலகை வளையும்போது அதிக இழுவிசைக்கு உள்ளாவது அதன் வெளிப்பரப்பு. இழுவையைத் தாங்கும் கண்ணாடி இழையை அங்கேயே ஒட்டுவதால் சிறிதளவு பொருளில் பெரும் பயன் கிடைக்கிறது.

வேலை நடக்கும் முறை

ஒரு காகிதத்தைக் குழலாகவோ கூம்பாகவோ வளைக்கலாம். பந்தாக வளைக்க முடியாது. ஒட்டுப்பலகையும் அப்படியே. எனவே ஒரு திசையில் மட்டும் வளையும் பரப்புகளைக் கொண்டு படகை வரைகின்றனர். முதலில் அட்டையில் சிறிய மாதிரி செய்து பார்ப்பது நல்லது.

வெட்டிய பலகைகளின் ஓரத்தில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைக்க வேண்டும். உள்மூலையில் பிசினையும் நுண்தூளையும் குழைத்து, பெயின்டர் பட்டி வைப்பதுபோல வளைவாக இழைக்க வேண்டும். கூர்மையான மூலையில் விசை குவியும். வளைந்த மூலையில் அது பரவிவிடும். பட்டி இறுகியபின் உள்ளும் புறமும் இழைப் பட்டைகளை ஒட்டுகிறோம். இறுதியில் வெளிப்புறம் முழுவதையும் இழைத்துணியால் போர்த்துகிறோம்.

பிசினில் இரு வகை உண்டு. பாலியெஸ்டர் மலிவு, ஆனால் மரத்தை எபாக்சி அளவுக்கு இறுகப் பற்றாது. எந்தப் பிசினாயினும் இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். எனவே மார்கழிக் காலையில் நிதானமாக இறுகும் பிசின், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தூரிகையைத் தோய்ப்பதற்குள் கட்டியாகிவிடும். வாளி நிறையக் கலந்தால் உள்ளே பிறந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் புகையும் எழும். சிறிது சிறிதாகக் கலந்து, அகன்ற தட்டில் பரப்பி வைக்க வேண்டும். பாலியெஸ்டருக்குரிய முடுக்கியான கோபால்ட் கரைசலையும், வினையூக்கியான பெராக்சைடையும் நேரடியாக ஒன்றோடொன்று ஒருபோதும் கலக்கக்கூடாது. அது வெடிக்கும். முடுக்கியை முதலில் பிசினில் நன்கு கலக்கியபின்தான் மற்றதைச் சேர்க்க வேண்டும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

படகை அழிக்கும் பகைவன் அடியிலுள்ள நீர் மட்டுமன்று; கூரையிலிருந்து ஒழுகும் மழைநீரும்தான். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நிலைத்தால் பூஞ்சணம் பற்றி மரம் உளுத்துப்போகும். இழைத்துணியின் கீழே ஈரம் சிக்கினால் கண்ணுக்குத் தெரியாமலே கெடும். ஆகவே ஒவ்வொரு துளையையும் வெட்டு ஓரத்தையும் பிசினால் அடைப்பதில் சோம்பல் கூடாது.

கவிழாமல் இருப்பது எப்படி?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். படகின் எடை ஈர்ப்பு மையத்தில் கீழ்நோக்கிச் செயற்படுகிறது. நீரின் மேல்நோக்கிய விசை, விலக்கப்பட்ட நீரின் மையமாகிய மிதப்பு மையத்தில் செயற்படுகிறது. படகு சாய்ந்தால் தாழ்ந்த பக்கம் அதிக நீரை விலக்கும். மிதப்பு மையமும் அப்பக்கம் நகரும். அங்கிருந்து மேல்நோக்கி வரையும் கோடு, படகின் நடுக்கோட்டை ஒரு புள்ளியில் வெட்டும். இதற்கு மெட்டாமையம் என்று பெயர். 1746-இல் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே தம் நூலில் இதை விளக்கினார். ஈர்ப்பு மையம் மெட்டாமையத்திற்குக் கீழே இருக்கும்வரை படகு நிமிரும். மேலே போனால் கவிழும்.

பெட்டி வடிவப் படகில், மிதப்பு மையத்திலிருந்து மெட்டாமையத்தின் உயரத்தைக் காண, அகலத்தின் வர்க்கத்தை அமிழ்ந்த ஆழத்தின் 12 மடங்கால் வகுக்க வேண்டும். நம் படகுக்கு இது 9-ஐ 1.8-ஆல் வகுக்க, 5 மீட்டர். மிதப்பு மையம் அடித்தளத்திலிருந்து 7.5 சென்டிமீட்டரில் இருப்பதால், மெட்டாமையம் அடித்தளத்திலிருந்து ஏறத்தாழ 5.1 மீட்டர் உயரத்தில் உள்ளது.

முற்றம் குறுகல் என்று அகலத்தை 2 மீட்டராகக் குறைத்தால்? அதே எடைக்குப் படகு 22.5 சென்டிமீட்டர் அமிழும். மெட்டாமையம் ஏறத்தாழ 1.6 மீட்டருக்கு இறங்கிவிடும். அகலத்தில் குறைத்தது மூன்றில் ஒரு பங்கு. மெட்டாமைய உயரத்தில் இழந்தது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்!

இந்தக் குறுகிய படகில் 60 கிலோகிராம் எடையுள்ள 20 பேர் கீழ்த்தளத்தில் நிற்கட்டும். ஆட்கள் இல்லாத படகின் எடை 2,850 கிலோகிராம், அதன் ஈர்ப்பு மையம் 0.9 மீட்டர் உயரம் என்று கொள்வோம். ஆட்களின் ஈர்ப்பு மையம் 1.2 மீட்டர். மொத்தத்தின் மையம் ஏறத்தாழ 1 மீட்டர். கவலையில்லை. அந்த 20 பேரும் காற்று வாங்க மொட்டை மாடிக்கு ஏறினால் அவர்களுடைய ஈர்ப்பு மையம் 3 மீட்டருக்குப் போகும். மொத்தத்தின் மையம் 1.52 மீட்டருக்கு உயரும். மெட்டாமையத்துக்கும் அதற்கும் இடைவெளி 7 சென்டிமீட்டர் மட்டுமே! அவர்கள் ஏதோ ஒன்றைப் பார்க்க ஒரு பக்கமாக 60 சென்டிமீட்டர் நகர்ந்தாலே போதும், படகு கவிழ்ந்துவிடும். 3 மீட்டர் அகலப் படகிலோ, அவர்கள் 1 மீட்டர் நகர்ந்தாலும் சாய்வு 5 பாகை அளவே.

இவை வெறும் ஏட்டுக் கணக்குகள் அல்ல. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டு தளக் கண்ணாடி இழைப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையிலிருந்த விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதாக அப்போது கூறப்பட்டது. 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய இரண்டு தளப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள்.

நீங்களே செய்து பார்க்கலாம்

ஒரு நீள்சதுரச் சோப்புப் பெட்டியை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு, நாணயங்களை அடியில் பரப்புங்கள். தட்டினாலும் நிமிரும். அதே நாணயங்களைத் தீப்பெட்டி அடுக்கின் உச்சியில் வையுங்கள். எடை மாறவில்லை, ஆனால் எத்தனையாவது தீப்பெட்டியில் கவிழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

உண்மையான படகையும் நீரில் இறக்கியபின் இவ்வாறே சோதிக்கிறார்கள். 5 பேர், மொத்தம் 300 கிலோகிராம், நடுவிலிருந்து 1 மீட்டர் பக்கவாட்டில் நகர, 1 மீட்டர் நீளத் தூக்குக்குண்டு 5 சென்டிமீட்டர் விலகுவதாகக் கொள்வோம். 300-ஐ 4,050-ஆலும் பிறகு 0.05-ஆலும் வகுத்தால் 1.48 மீட்டர். ஈர்ப்பு மையத்துக்கும் மெட்டாமையத்துக்கும் உள்ள இடைவெளி இதுவே. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டும் ஓர் அளவுகோலும் போதும்.

பலகை வாங்குமுன்

மேலும் சில செய்திகள். ஒட்டுப்பலகை நீரைவிட இலேசானது; கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த தகடு நீரைவிடக் கனமானது. படகுக்குள் நீர் புகுந்தாலும் மூழ்காதிருக்க, மூடிய காற்றறைகள் பல வேண்டும். எந்திரம் பொருத்தி உள்நாட்டு நீர்நிலையில் ஓட்டும் படகை, 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். அணையில் விடுவதற்கு உரிய துறையின் அனுமதி வேண்டும். சாலையில் வண்டிகளுக்கு அனுமதிக்கப்பட்ட அகலம் 2.6 மீட்டர், நம் படகோ 3 மீட்டர். எனவே அதை நீளவாக்கில் இரு பாதிகளாகச் செய்து கரையில் வைத்துப் பொருத்த வேண்டியிருக்கும். முற்றத்து வாசலின் அகலத்தையும் முதலிலேயே அளந்துகொள்வது நல்லது.

இவ்வளவும் கேட்ட என் மாணவர் சற்று நேரம் தெப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாடி வேண்டாம் சார், அகலமாகவே கட்டுவோம்" என்றார். பாடத்தின் சாரம் அவருக்குப் புரிந்துவிட்டது.