ஷெட்டுக்குள்ளும் மழையா?

ஐப்பசி பிறந்துவிட்டால் திருவள்ளூர்ப் பக்கத்து வீடுகளில் வாளிகளுக்குக் கிராக்கி வந்துவிடும். இந்த ஜில்லாவில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக் காற்றில்தான் கொட்டுகிறது. வீட்டுத் தளம் தப்பினாலும், ஒட்டினாற்போல் கட்டிய கார் ஷெட்டின் தட்டைத் தளம் தப்புவதில்லை. "ஷெட்டுதானே, போகட்டும்!" என்பார் வீட்டுக்காரர். அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் அங்கேதான் அடைந்து கிடக்கின்றன என்பது வீட்டு அம்மாளுக்கல்லவா தெரியும்!

தளத்துக்கு முதல் சத்துரு தேங்கும் தண்ணீர். பத்தடிக்குப் பதினாறடி ஷெட்டின் மேல் ஓர் அங்குலம் நீர் நின்றால், அதன் எடை ஏறக்குறைய 375 கிலோ! காரணம் பல சமயம் அற்பமானது: மழைநீர்க் குழாயின் வாயை அடைத்த வேப்பஞ் சருகு. அதை எடுத்தெறியக் கொத்தனார் வேண்டாம். மழை விட்டதும் மாடிக்குப் போய், நீர் தேங்கிய இடங்களைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வையுங்கள். கீழே சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் வெடிப்பு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். தண்ணீர் உள்ளுக்குள்ளே வழி தேடி ஓடும்.

தளத்தையே மாற்ற வேண்டுமானால் நம் நாட்டு முறை இருக்கவே இருக்கிறது. தேக்குச் சட்டங்களின் மேல் செங்கற்களை மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கி 'மெட்ராஸ் டெரஸ்' போட்டவர்கள் நம்மவர்கள். பழவேற்காட்டு ஏரியின் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு அக்காலத்தில் பேர் பெற்றது. கான்கிரீட் தளத்துக்கும் மேற்பூச்சு இதே வழிதான். 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீர்த்த சுண்ணாம்பு, மணல் கூடாது. மூன்று அங்குல கனத்தில் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டையால் அடிக்க வேண்டும். கட்டை பதியாமல் துள்ளும் வரையில் அடி! அதன் மேல் தட்டோடு. பத்தடிக்கு இரண்டு அங்குல வாட்டம் அவசியம். பங்குனி, சித்திரையில் ஆரம்பித்தால், மழைக்கு முன் நன்றாக இறுகிவிடும். அடிப்பதற்கு வீட்டாரே உட்காரலாம். வாட்டம் பார்க்க மட்டும் அனுபவமுள்ள கொத்தனார் இருக்கட்டும்.

ஆனால் மூன்று எச்சரிக்கைகள். பழைய பூச்சைக் கொத்தி எடுக்காமல் அதன்மேலேயே புதிது போடாதீர்கள்; அந்தச் சிறு ஷெட்டின் தலையில் இரண்டு டன் பாரம் கூடிவிடும். காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், இன்ஜினீயர் பார்க்கும் வரையில் கீழே குழந்தைகளை விளையாட விடாதீர்கள். கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைப் பக்கங்களில் பழைய ஷெட்டுகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்திருப்பதுண்டு. அதை உடைப்பதோ துளைப்பதோ நம் வேலையல்ல. அந்தத் தூசி புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார ஸ்தாபனமே சொல்கிறது.

மற்றபடி, புரட்டாசியில் ஒரு நாள், துடைப்பமும் கையுமாக மாடி ஏறிவிடுங்கள். அந்த அரை மணி நேர வேலை, அடைமழையில் வாளி மாற்றும் வேலையை மிச்சப்படுத்தும்.