தெற்கே சேர்ந்த மணல்

மெரினாவில் கடலைத் தொடுவதற்குள் செருப்பில் அரைப்படி மணல் ஏறிவிடும். அந்த மணல் ஆதியிலிருந்தே அங்கே கிடந்ததல்ல. துறைமுகம் என்று ஒன்று இல்லாத காலத்தில் மதராஸுக்குக் கப்பலில் வந்தவர்கள் நடுக்கடலிலேயே இறங்கி, கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏறி, அலையில் நனைந்தபடி கரை சேர்ந்தார்கள். அப்போது கடல் கோட்டைச் சுவருக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கல் கரங்கள் நீண்டன. 1881 புயல் அவற்றைச் சிதைத்துப் போட்டது. வெள்ளைக்காரன் விடவில்லை, மறுபடியும் கட்டினான்.

இந்தக் கரையில் அலை ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். குறுக்கே ஒரு சுவர் வந்தால் வருகிற மணல் தென்புறமே தங்கிவிடும். வடபுறத்துக்கு வரத்து நின்றுவிடும். ஆனால் அங்கே இருப்பதை அலை அரித்துக்கொண்டு போவது மட்டும் நிற்காது. இப்படித் தெற்கே கரை அகன்றது. ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் பாதை போட்டு மெரினா என்று பெயரும் வைத்தார். வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை குப்பங்கள் வரிசை வரிசையாகக் கடலுக்குள் போயின. இந்தப் பட்டணம் வரவைத் தெற்கே வைத்துக்கொண்டு செலவை வடக்கே எழுதும் வழக்கம் அந்தக் கல் கரங்களிலிருந்து தொடங்கியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிறகு நடந்தவற்றில் பாதி அதே கணக்கின் அடுத்த பக்கங்கள்.

ஆனால் அன்றைய ராயபுரம் ஓரத்தில் கிடந்த பேட்டையல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை ஓடியது. ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த அந்த நிலையத்தின் உயரமான தூண்கள் இன்றும் நிற்கின்றன. 1873இல் சென்ட்ரல் வந்தது, பயணிகள் அங்கே போனார்கள். 1922இல் ரயில்வே தலைமையகமும் அங்கே போனது. அந்தப் பழைய கட்டடத்தின் முன்னே இப்போது நிற்பதெல்லாம் புறநகர் மின்ரயிலும் சரக்கு வண்டியும்தான்.

ராயபுரத்துத் தெருக்களில் கொஞ்சம் சுற்றினால் ஒரு துறைமுக ஊருக்கு யார் யாரெல்லாம் வந்து தங்குவார்கள் என்பது தெரியும். படகோட்டிகள் தங்கள் காசில் எழுப்பிய புனித பேதுரு தேவாலயம், 1910இல் கட்டிய பார்சிகளின் அக்கினிக் கோயில், மார்வாடிகளின் அடகுக் கடைகள், ஆந்திராவிலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் குடியிருப்புகள். ஸ்டான்லி மருத்துவமனையைக் கிழவிகள் சிலர் இன்னமும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். 1780களின் பஞ்சத்தில் பட்டினியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் அது. அங்கே வளர்ந்த வைத்தியசாலை 1938இல் ஸ்டான்லி துரையின் பெயரில் மருத்துவக் கல்லூரியானது. இப்படி ஒரு பிறப்புக் கதை உள்ள ஆஸ்பத்திரி தெற்குச் சென்னையில் இருந்திருந்தால் வாசலிலேயே கல்வெட்டு வைத்துப் பாரம்பரிய நடை நடத்தியிருப்பார்கள். இங்கே சினிமா எடுக்க வருகிறவர்களுக்கு அரிவாள்தான் கண்ணில் படுகிறது. பத்தடிக்கு ஒரு கேரம் போர்டு இருக்கிற பேட்டை இது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள்.

காசிமேட்டுக்கு விடியுமுன் போக வேண்டும். 1980களில் மீன்பிடித் துறைமுகம் வந்ததிலிருந்து கட்டுமரம் ஒதுங்கி, விசைப்படகும் ஃபைபர் படகும் நிறைந்துவிட்டன. ஐஸ் தண்ணீர் கணுக்கால் வரை ஓட, கூடையைத் தரையில் கவிழ்த்ததும் ஏலம் தொடங்கும். ஏலம் கூறுகிறவர் வாய் மூடாமல் தொகையைச் சொல்லிக்கொண்டே போவார். சுற்றி நிற்கும் பெண்களில் ஒருத்தி லேசாகத் தலையசைத்தால் கூடை அவளுக்கு. எடுத்த வேகத்தில் இரண்டடி தள்ளி உட்கார்ந்து கூறு போட்டுவிடுவாள்.

“இன்னாக்கா, சங்கரா இவ்ளோ சொல்ற?”

“செவுளத் தூக்கிப் பார்ரா தம்பி. ரத்தம் காயல. ஐஸ்ல கெடந்தது வோணும்னா அங்க போ.”

ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், வலை பின்னுகிற வேலை நடக்கும். தடை முடிந்து படகுகள் கரை திரும்பும் முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணாநகர்க்காரர்களும் வேளச்சேரிக்காரர்களும் காரைக் கொண்டுவந்து வழி நெடுக நிறுத்திவிட்டு வஞ்சிரத்துக்கு முண்டியடிப்பார்கள். வட சென்னைக்கு அவர்கள் வருவது பெரும்பாலும் அதற்குத்தான்.

காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் கடற்கரை இருக்க வேண்டிய இடத்தில் பாறாங்கல் குவியல். நடுவில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள். கடல் சாலையையே தின்னத் தொடங்கியதும் கொட்டிய கல் இது. இருபது ஆண்டுகளுக்கு முன் இன்னொரு வழியும் கண்டார்கள்: கரையிலிருந்து கடலுக்குள் நீளும் சிறு கல் கரங்கள். குப்பத்துக்காரர்கள் அதைத் தூண்டில் வளைவு என்பார்கள். தூண்டில் வளைவின் தென்புறம் கொஞ்சம் மணல் பிடிக்கும், அங்கே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், படகை இழுத்துப் போட இடம் கிடைக்கிறது. அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது. அந்தக் குப்பமும் தங்களுக்கொரு வளைவு வேண்டும் என்று மனு கொடுக்கிறது. துறைமுகம் செய்ததையே சிறிய அளவில் திரும்பச் செய்கிறோம் என்பது பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. வீட்டுத் திண்ணைக்கு அலை வந்த பிறகு வேறெதைக் கேட்பது?

திருவொற்றியூர் இதற்கெல்லாம் மூத்தது. தியாகராசர் கோயில் கருவறையின் கற்றளி ராசேந்திர சோழன் காலத்தது. இங்கே மகிழ மரத்தடியில்தான் சுந்தரர் சங்கிலியாருக்கு, உன்னைப் பிரிந்து இவ்வூரை விட்டுப் போகமாட்டேன் என்று சத்தியம் செய்தார். வார்த்தை தவறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் போயிற்று. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று அந்தச் சத்தியத்தை இன்றும் ஊர் நடத்திப் பார்க்கிறது. கடலோரத்தில் பட்டினத்தார் அடங்கிய இடம்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கோயில் ஊரைச் சுற்றித்தான் சுதந்திர இந்தியாவின் தொழில் முளைத்தது. 1946இல் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார், அதுதான் எம்.ஆர்.எஃப். 1948இல் அசோக் மோட்டார்ஸ் ஆரம்பமாகி எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறியது. அதே 1955இல் என்ஃபீல்டு நிறுவனம் வந்தது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் போன புல்லட் இந்தத் தெருக்களில்தான் சோதனை ஓட்டம் பார்த்தது. கார்போரண்டம், விம்கோ தீப்பெட்டி, மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை என்று சங்கு ஊதாத திசையே இல்லை. ஷிஃப்டுச் சங்கை வைத்துத்தான் வீட்டில் உலை ஏறும். குப்பத்துப் பையன் ஐ.டி.ஐ. முடித்து நிரந்தர வேலையில் உட்கார்ந்தால் அந்தக் குடும்பம் ஒரு தலைமுறை மேலே வந்துவிடும்.

2013இல் ஒரகடத்தில் புதிய ஆலை திறந்ததும் புல்லட் உற்பத்தியின் பெரும்பங்கு அங்கே போனது. ஊர் எல்லையைத் தாண்டிய முதலாளிகள் யாருக்கும் கண் போனதாகத் தகவல் இல்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்து சேர்ந்தது. தீப்பெட்டி ஆலையின் பெயர் விம்கோ நகர் என்று அதன் நிலையம் ஒன்றில் இருக்கிறது. காலையில் அங்கே ஏறுகிற பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு தெற்கே வேலைக்குப் போகிறார்கள்.

சம்பளம் தந்த வேலை போனது, புகை போகவில்லை. எண்ணூர் ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைகள் காற்று வாங்கப் போன உப்பங்கழி. கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரம், அலையாத்திக் காடு, உப்பளம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் எடுக்கிற பெண்களை இப்போதும் பார்க்கலாம். அவர்கள் துழாவுகிற சேற்றில் இன்று அனல்மின் நிலையத்துச் சாம்பல். முதல் அனல்மின் நிலையம் 1970களில் வந்து 2017இல் மூடப்பட்டது. அதற்குள் 1990களில் கழியின் மறுகரையில் வட சென்னை அனல்மின் நிலையம் எழுந்துவிட்டது. சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய் அடிக்கடி உடைந்து கழிக்குள்ளேயே கொட்டுகிறது. 2017இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா புறம்போக்குப் பாடலைப் பாடிய பிறகுதான் சபாக்காரர்களில் பலர் இந்த இடத்தைப் படத்திலாவது பார்த்தார்கள்.

இதில் ஒரு தகவலை நான் பலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரித் தூசு பறந்து சுற்றுவட்டாரம் கறுத்தது. உயர் நீதிமன்றமும் பக்கத்தில்தான். 2011இல் நீதிமன்ற உத்தரவால் அங்கே நிலக்கரி இறக்குவது நின்றது. ராயபுரம் மூச்சு விட்டது, நியாயம்தான். அந்தக் கரி 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. அங்கே பக்கத்தில் நீதிமன்றம் ஏதும் இல்லை.

2017 ஜனவரியில் அந்தத் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளியில் மொண்டு கொட்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கிக் கழி முழுக்கப் படர்ந்தது, மறுபடியும் மீனவர்களே படகில் போய்க் கையால் அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆலை வாசலில் பந்தல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் மூன்றாவது துறைமுகம் வந்து பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. அதைப் பல மடங்கு விரிவாக்கும் திட்டத்துக்காக 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பழவேற்காட்டு மீனவர்கள் அந்தத் திட்டம் வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் இருப்பது காட்டுப்பள்ளிக்கு வடக்கே.