காளானைத் தின்னும் பூஞ்சை: மரபணு ஆய்வு சொல்வது என்ன?

ஈஸ்ட் டாமாக்கி, ஆக்லாந்து: நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்குத் தென்கிழக்கே இருக்கும் இப்பகுதியின் கடைகளில் வெள்ளை மொட்டுக் காளான், பழுப்பு நிற சுவிஸ் பிரவுன், குடை விரித்த போர்ட்டபெல்லோ என்று மூன்று பெயர்களில் காளான் விற்கப்படுகிறது. மூன்றுக்கும் விலை வேறு, சமைக்கும் முறையும் வேறு. ஆனால் உயிரியல் கணக்கில் மூன்றும் ஒன்றுதான்: அகாரிகஸ் பைஸ்போரஸ் என்னும் ஒரே இனம்.

இந்த ஒற்றுமைக்குப் பின்னால் ஒரு பலவீனம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ஹோர்ஸ்ட் ஆய்வு நிலையத்திலிருந்து யூ-1 என்னும் கலப்பு ரகம் வெளிவந்தது. இன்று உலகெங்கும் பயிராகும் வெள்ளை மொட்டுக் காளான்களில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை, அல்லது அதனோடு மிக நெருங்கிய உறவுடையவை. ஒரு பண்ணையின் காளானை வீழ்த்தக்கூடிய நோய், மற்றொரு கண்டத்துப் பண்ணையிலும் ஏறத்தாழ அதே காளானைத்தான் சந்திக்கிறது.

பயிரும் பூஞ்சை, நோயும் பூஞ்சை

நெல்லுக்குப் பூஞ்சை நோய் வந்தால் பூஞ்சைக்கொல்லி தெளிக்கலாம்; நெல் பூஞ்சை அல்ல. காளானோ தானே ஒரு பூஞ்சை. நோயைக் கொல்லும் மருந்து பயிரையும் தொட்டுவிடும். காளான் வளர்ப்போரின் அடிப்படைச் சிக்கல் இதுதான்.

காளானை உருக்குலைந்த கட்டியாக்கிப் பழுப்பு நீர் கசியவைக்கும் ஈரக்குமிழ் நோய், உலர்குமிழ் நோய், படுக்கையின் மேல் வெண்பஞ்சு போல் படரும் சிலந்திவலை நோய் ஆகியவை உலகெங்கும் அறியப்பட்டவை. எனினும் வளர்ப்போர் மிகவும் அஞ்சுவது பச்சைப் பூசணத்தை. மற்ற நோய்கள் முளைத்த காளானைக் கெடுக்கின்றன. பச்சைப் பூசணம் பரவிய இடத்திலோ காளான் முளைப்பதே இல்லை.

1980களின் நடுப்பகுதியில் அயர்லாந்துப் பண்ணைகளில் இது கொள்ளைநோய் போலப் பரவியது. 1990களில் கனடாவிலும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் அதே காட்சி. காரணம் டிரைக்கோடெர்மா என்பது விரைவில் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பூஞ்சை எல்லா மண்ணிலும் இருப்பது. பல காலமாகப் பண்ணைகளில் பெரிய தீங்கின்றி இருந்துவந்த ஒன்று திடீரென ஏன் வெறிகொண்டது?

நுண்ணோக்கியால் விடை சொல்ல இயலவில்லை. டி.என்.ஏ. ஒப்பீடுதான் சொன்னது. ஒன்றுபோலவே தோன்றிய பூஞ்சைகள் உண்மையில் நான்கு வகைகள். அவற்றுள் அயர்லாந்தில் கண்ட ஒன்றும் வட அமெரிக்காவில் கண்ட ஒன்றுமே பேரழிவுக்குக் காரணமானவை. 2002ஆம் ஆண்டில் இவ்விரண்டுக்கும் டிரைக்கோடெர்மா அக்ரசிவம் என்ற தனி இனப்பெயர் சூட்டப்பட்டது. ஒன்று ஐரோப்பிய வடிவம், மற்றது அமெரிக்க வடிவம். தற்செயலாக ஒரே காலத்தில் தலைதூக்கிய இரு பகைவர்கள்.

தமிழக உழவரின் நண்பன்

டிரைக்கோடெர்மா என்ற பெயர் தமிழ்நாட்டு உழவர்களுக்குப் புதிதல்ல. வேரழுகலைத் தடுக்க ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்குமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. தொழு உரத்துடன் கலந்து நிலத்திலும் இடுகிறார்கள். இரசாயன மருந்துக்கு மாற்றான 'எதிர் உயிர்' என்று பாராட்டப்படும் பூஞ்சை அது.

வயலில் நண்பனாக இருப்பது காளான் குடிலில் பகைவனாக மாறுவது எப்படி?

2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மரபணுத் தொகுதி ஒப்பீடு இதற்கு விடை தருகிறது. ஆய்வாளர்கள் மூன்று டிரைக்கோடெர்மா இனங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் ஒன்றான ரீசி, இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் கூடாரத் துணிகளை அரித்துத் தின்றதால் உலகின் கவனத்துக்கு வந்தது. மற்ற இரண்டும் பிற பூஞ்சைகளை வேட்டையாடுபவை. பூஞ்சையின் சுவரில் கைட்டின் என்ற பொருள் உண்டு. இறால் ஓட்டில் இருப்பதும் அதுவே. அதைக் கரைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் வேட்டையாடும் இரண்டிலும் கூடுதலாக இருந்தன. பிற பூஞ்சைகளைத் தாக்கி உண்பதே இக்குடும்பத்தின் ஆதித் தொழில் என்றும், மட்கும் மரத்தையும் துணியையும் தின்பது பின்னர் பழகியது என்றும் ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

அதாவது நிலக்கடலையின் வேரைக் காப்பாற்றுவதும் காளான் படுக்கையை அழிப்பதும் வெவ்வேறு குணங்கள் அல்ல, ஒரே குணம். எந்தப் பூஞ்சை நமக்கு வேண்டும், எது வேண்டாம் என்பது மனிதனின் கணக்கு. டிரைக்கோடெர்மாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

அப்படியானால் வயலில் இட்ட பூஞ்சைதான் பண்ணைக்குள் புகுந்து அழிவை உண்டாக்கியதா? இந்தச் சந்தேகம் 1990களில் வலுவாக எழுந்தது. 1999இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு அதை மறுத்தது. பயிர்ப் பாதுகாப்புக்கு விற்கப்பட்ட வகைகள், காளானைத் தாக்கிய வகைகளோடு சேரவில்லை. ஒரு தொழிலின் மீது விழுந்த பழி ஆய்வகத்தில் நீங்கியது.

ஆனால் இதைக்கொண்டு அலட்சியமாக இருக்க முடியாது. சரியாக வேகாத வைக்கோலில் சாதாரண டிரைக்கோடெர்மாவே சிப்பிக் காளான் படுக்கையைப் பச்சையாக்கிவிடும். இத்தகைய படுக்கைகளை வீட்டுக் கொல்லையில் ஓலைக் குடில் போட்டு நடத்துவோரில் மகளிர் சுய உதவிக் குழுவினர் பலர். பெரிய பண்ணைக்கு ஒரு அறை நட்டம் என்றால், இவர்களுக்கு அது அந்தப் பருவத்தின் வருமானம்.

மருந்துக்கு எல்லை

மொட்டுக் காளானின் மரபணுத் தொகுதி 2012இல் வெளியானது: சுமார் 3 கோடி எழுத்துகள், பத்தாயிரத்துச் சொச்சம் மரபணுக்கள். ஈரக்குமிழ் நோய்ப் பூஞ்சையின் தொகுதி 2019இல் வந்தது. அது சுமார் 4.4 கோடி எழுத்துகள். தாக்குபவனின் ஏடு, தாக்கப்படுபவனின் ஏட்டை விடப் பெரிது.

இத்தனை எழுத்துகளைப் படித்தும் நோய்க்கு மருந்து பிறந்துவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மருந்து ஏன் தோற்கிறது என்பது விளங்கியது. 1990களில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சிலந்திவலை நோய், வழக்கமான பென்சிமிடசோல் மருந்துக்குக் கட்டுப்படாமல் போனது. அந்தப் பூஞ்சையின் ஒரு மரபணுவில் ஏற்பட்ட ஒற்றை மாற்றமே காரணம். தமிழகத்தில் வைக்கோலைத் தொற்று நீக்கப் பயன்படும் கார்பென்டசிமும் அதே குடும்ப மருந்து. ஐரோப்பாவில் காளான் பண்ணைகள் நம்பியிருந்த புரோகுளோராசுக்கு 2021 இறுதியோடு ஒன்றிய அனுமதி முடிந்தது. மருந்துப் பெட்டி காலியாகிக்கொண்டே போகிறது.

எஞ்சியிருப்பது தூய்மையும் சரியான ரகமும். பழுப்பு நிற மொட்டுக் காளான் ரகங்கள் பச்சைப் பூசணத்தை வெள்ளை ரகங்களை விட நன்கு தாங்குகின்றன என்பது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அந்தத் தாங்கும் திறன் எந்த மரபணுக்களில் இருக்கிறது என்று கண்டால், வெள்ளைக்கும் அதைக் கொண்டுசெல்லலாம். என் கணிப்பில், ஜீனோம் ஆய்வு வளர்ப்போருக்கு நேரடிப் பலன் தரக்கூடிய இடம் இதுவே.

எல்லையில் நிற்கும் கேள்வி

சிப்பிக் காளானைத் தாக்கும் இரு டிரைக்கோடெர்மா இனங்கள் 2007இல் விரிவாக ஒப்பிடப்பட்டன. ஒன்றான புளூரோட்டி, அதுவரை காளான் பண்ணைகளுக்கு வெளியே எங்கும் காணப்படவில்லை. மற்றதான புளூரோட்டிகோலா பல நாடுகளின் மண்ணிலும் மரத்திலும் கிடைத்தது. அந்நாடுகளில் நியூசிலாந்தும் ஒன்று. ஆகவே இங்கே காட்டிலேயே இருக்கும் பகைவனும் உண்டு, வெளியிலிருந்து மட்டுமே வரக்கூடிய பகைவனும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய டி.என்.ஏ. வேண்டும்.

நியூசிலாந்துச் சட்டத்தில் இந்த அடையாளத்துக்குப் பெரும் எடை இருக்கிறது. 1998ஆம் ஆண்டு ஜூலை 29க்கு முன் நாட்டில் இல்லாதிருந்த எந்த உயிரினமும் 'புதிய உயிரினம்'. தனி ஒப்புதல் இன்றிக் கொண்டுவர முடியாது. நோய்ப் பூஞ்சைக்கு மட்டுமல்ல, உண்ணும் காளானுக்கும் இது பொருந்தும்.

புலம்பெயர்ந்த தமிழரை இது தொடும் இடம் ஒன்று உண்டு. அருப்புக்கோட்டையின் பெயரைத் தாங்கி 1998இல் வெளிவந்த ஏபிகே-2 பால் காளான், வெப்பத்தைத் தாங்கி வளர்வதால் தமிழ்நாட்டில் பரவலாகப் பயிராகிறது. ஊரில் அதைக் கண்டவர்களுக்கு ஒரு வித்துப் பொட்டலத்தைப் பெட்டியில் வைத்துவரத் தோன்றலாம். ஆக்லாந்து விமான நிலையத்தில் அறிவிக்காமல் பிடிபட்டால் உடனடி அபராதம் 400 டாலர். ஆனால் அபராதத்தை விடப் பெரிய செய்தி வேறு. வித்து என்பது சோளத்தின் மேல் வளர்க்கப்பட்ட உயிருள்ள இழை. அந்தச் சோள மணிகளுக்கிடையே பூசணத்தின் வித்துகள் ஒட்டியிருந்தால், பச்சை நிறம் காட்டும் வரை யார் கண்ணுக்கும் அவை தெரியாது.

ஊரில் காளான் குடில் நடத்தும் உறவினர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் எளிது. விதை நேர்த்திக்கு வாங்கிய டிரைக்கோடெர்மா பொட்டலத்தைக் குடிலுக்குள் வைக்கக் கூடாது. அதைத் தொழு உரத்தோடு கலந்த கையோடும் அதே உடையோடும் படுக்கை போடவும் கூடாது.